சிறைப்புறம்: பொதுச்சுவரும் கேட்கும் காதும்

1

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பாதையில் இருக்கிறது மேலகரம். பெயரைப் பிரித்தால் மேல் அகரம். அகரம் என்ற சொல்லுக்கு ஊர் என்றும் பார்ப்பனர் குடியிருப்பு என்றும் அகராதி பொருள் தரும். இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு இது குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். இக்கட்டுரை கவிராயரைப் பற்றியதல்ல. இந்த வட்டாரத்துப் பழைய தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் பொதுச்சுவரைப் பற்றியது.

ஒரு பக்கம் மிக்சி ஓடினால் மறுபக்கம் பிள்ளை எழுந்துவிடுகிறது. ஒரு பக்கம் சீசனுக்கு வாடகைக்கு வந்தவர்கள் ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டு வைக்கிறார்கள். மறுபக்கம் காலையில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் புரண்டு படுக்கிறான். கொத்தனாரைக் கூப்பிட்டு, “சத்தம் வராம இந்தச் சுவர அடைக்க முடியுமா?” என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இது வெறும் கட்டட வேலை சம்பந்தப்பட்ட கேள்வி என்றுதான் தோன்றும். அப்படியல்ல. எந்தச் சத்தம் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பது வீட்டுக்கும் தெருவுக்குமான உறவைத் தீர்மானிப்பது. சுவரைப் பற்றிய எந்தப் பேச்சும் நம் ஊரில் சாதியைப் பற்றிய பேச்சாகவும், வீட்டுக்குள் இருக்கிற பெண்ணைப் பற்றிய பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே இரண்டு கேள்விகள். ஒன்று, சத்தத்தைத் தடுப்பது எப்படி? இரண்டு, எதுவரை தடுக்கலாம்? முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை கண்டால் இரண்டாவதற்கும் அதிலேயே பாதி விடை இருக்கிறது என்பது என் வாதம்.

2

பொதுச்சுவர் யாருக்குச் சொந்தம்? பத்திரத்தில் செக்குபந்தி சொல்லும்போது ‘தென்சுவர் பொது’ என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்துவிடுவார்கள். சட்டத்துக்கு அந்த இரண்டு சொல் போதாது. 1880இல் இங்கிலாந்தில் வாட்சன் எதிர் கிரே என்ற வழக்கில் நீதிபதி ஃப்ரை, பொதுச்சுவர் என்ற சொல்லுக்கு நான்கு பொருள் இருக்கலாம் என்று பிரித்துக் காட்டினார். இருவரும் முழுச்சுவருக்கும் கூட்டு உடைமையாளர்கள் என்பது முதல் பொருள். நீளவாக்கில் இரண்டு கீற்றாகப் பிளந்து ஆளுக்கொரு கீற்று என்பது இரண்டாவது. சுவர் ஒருவருக்கே சொந்தம், அது தடுப்பாக நிற்பதைக் கேட்கும் உரிமை மற்றவருக்கு என்பது மூன்றாவது. ஆளுக்குப் பாதி, ஆனால் ஒவ்வொரு பாதியும் மற்றவரின் பாதியைத் தாங்கக் கடமைப்பட்டது என்பது நான்காவது. இந்திய நீதிமன்றங்களும் இந்தப் பாகுபாட்டை எடுத்தாண்டிருக்கின்றன.

இந்த நான்கிலும் பங்கு போடப்படுவது செங்கல்லும் சாந்தும்தான். சுவர் வழியே போகிற சத்தம் யாருக்குச் சொந்தம் என்று அது சொல்வதில்லை. அதற்கு வேறொரு சட்டத்துக்குப் போக வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவும் அதற்குள் அடங்கியது. அதன் 7ஆம் பிரிவின் விளக்கங்களில் ஒன்று சத்தத்தையும் அதிர்வையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீட்டின் உடைமையாளரது உடல் சௌகரியத்தை மற்றவர் எழுப்பும் சத்தமோ அதிர்வோ கணிசமாகவும் நியாயமற்ற வகையிலும் குலைக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உரிமை ‘உடைமையாளருக்கு’ என்றுதான் அந்த விளக்கம் பேசுகிறது. வாடகைக்கு இருக்கிறவர் அதில் வரவில்லை. அடுத்தது, ‘நியாயமற்ற வகையில்’ என்ற சொல். நியாயம் எது என்று யார் சொல்வது? சட்டம் அதை நீதிபதியின் காதுக்கு விட்டுவிடுகிறது. நீதிபதியின் காதும் ஏதோ ஒரு தெருவில் வளர்ந்த காதுதான்.

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எண் கொடுத்தன. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. எண் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் இந்த எண் ஒரு பகுதியின் சூழலுக்கானது, திறந்த வெளியின் கணக்கு. உன் அடுப்படிக்கும் என் படுக்கைக்கும் நடுவில் இருக்கிற ஒம்பது இஞ்ச் அதற்குத் தெரியாது.

3

இனி பௌதிகம். இதைச் சொல்லாமல் அரசியல் மட்டும் பேசினால் கொத்தனார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

சுவரை சத்தம் இரண்டு வழியில் கடக்கிறது. பேச்சு, பாட்டு, டி.வி. இவை காற்றில் பிறந்து சுவரில் மோதி, சுவரை மிக நுண்ணிய அளவில் நடுங்க வைத்து, அந்த நடுக்கம் மறுபக்கக் காற்றை நடுங்க வைக்கிறது. இது காற்றுவழிச் சத்தம். அம்மி அரைப்பது, கதவை அறைந்து சாத்துவது, சுவரில் பதித்த பலகைக்கல்லின் மேல் மிக்சி ஓடுவது, சுவரில் முடுக்கிய மோட்டார் இவையெல்லாம் காற்றை நம்பியிருக்கவில்லை. நேரே கல்லுக்குள் இறங்கிக் கல்வழியே போகின்றன. இது கட்டடவழிச் சத்தம். இரண்டுக்கும் மருந்து வேறு.

காற்றுவழிச் சத்தத்தைத் தடுப்பது சுவரின் எடை. கனமான சுவரை நடுங்க வைப்பது கஷ்டம், அவ்வளவுதான் சங்கதி. இருபுறமும் பூசிய நாலரை இஞ்ச் செங்கல் சுவர் ஏறக்குறைய 45 டெசிபல் குறைக்கும். ஒம்பது இஞ்ச் சுவர் ஏறக்குறைய 50. தடிமனை இரட்டித்தும் கிடைப்பது ஐந்து, ஆறு டெசிபல்தான். இந்த அளவுகோலில் பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு அது இரண்டு மடங்குச் சத்தம் போலப் படும். அதாவது சுவரை இரண்டு மடங்கு கட்டினாலும் காதில் விழுவது பாதியாகக்கூடக் குறையாது. கோட்டை கட்டினால் அமைதி வரும் என்ற நம்பிக்கை இங்கேயே அடிவாங்குகிறது.

அடுத்து ஒரு கணக்கு. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். ஒம்பது இஞ்ச் சுவர் 50ஐக் கழித்துவிட்டால் மிச்சம் 10. ராத்திரி அமைதியான அறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு ஏதாவது ஓசை இருக்கும். அப்படியானால் அடுத்த வீட்டுப் பேச்சு நமக்குக் கேட்கவே கூடாது. ஆனால் கேட்கிறது. வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. ஏன்?

ஏனென்றால் குற்றவாளி சுவர் அல்ல, ஓட்டை. பத்தடிக்குப் பத்தடி சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தால் போதும், நூற்றில் ஒரு பங்கு. அந்தச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தால் 30ஐத் தாண்டாது. பழைய ஓட்டு வீடுகளில் நடுச்சுவர் பல இடங்களில் ஓடு வரை ஏறுவதில்லை. உத்தரமட்டத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையே இரண்டு வீட்டுக் காற்றும் ஒன்றுதான். அதோடு விளக்குமாடம், சுவரலமாரி என்று சுவரைக் குடைந்து குடைந்து வைத்திருப்போம். இரண்டு வீட்டு அலமாரியும் முதுகோடு முதுகு வந்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு பூச்சுப் பலகைதான். பிறகு மின்சாரம் வந்தது. ஸ்விட்ச் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மட்டத்தில் குடைந்தார்கள். பின்வாசல், முற்றம், ஜன்னல் இவை வழியாக வெளியே போய்ச் சுற்றி வருவது இன்னொரு கணக்கு.

இதில் இன்னொரு விஷயம் முக்கியமானது. சுவரின் தடுப்புத்திறன் இரு திசையிலும் ஒன்றே. அங்கிருந்து இங்கே 50 என்றால் இங்கிருந்து அங்கேயும் 50தான். நீ என்னைக் கேட்கிற அளவுக்கு நான் உன்னைக் கேட்பேன். பார்வைக்கு இந்தச் சமத்துவம் கிடையாது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன் தான் பார்க்கப்படாமலே பார்க்கலாம். ஜெரமி பெந்தாம் தன் கண்காணிப்புச் சிறையைத் திட்டமிட்டபோது குழாய்கள் வழியே கேட்கும் ஏற்பாட்டையும் யோசித்தார், பிறகு கைவிட்டார். கேட்கிற குழாய் இருபுறமும் கேட்கும், காவலனைக் கைதியும் கேட்டுவிடுவான் என்பது காரணமாக இருக்கலாம் என்று ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன் நூலின் ஒரு அடிக்குறிப்பில் ஊகிக்கிறார். அதிகாரம் கண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம் என்று கொண்டால், காது அதிகாரத்துக்கு அவ்வளவு எளிதில் வசப்படாத உறுப்பு என்றாகிறது.

4

செய்முறைக்கு வருவோம்.

கடையில் ‘சத்தம் தடுக்கும்’ என்று விற்கிற பொருள்களில் பெரும்பாலானவை சத்தத்தை உறிஞ்சுகிறவை. தெர்மோகோல், ஸ்பாஞ்சு, முட்டை அட்டை, கனத்த திரை. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியைக் குறைக்க மெத்தைகளைத் தூக்கிவைத்துத் தூக்கிவைத்து அளந்தார். மெத்தை, அறைக்குள்ளேயே சத்தம் சுழல்வதைக் குறைத்தது. சுவரைத் தாண்டிப் போவதை அது நிறுத்தாது. காற்று புகுந்து போகிற எதுவும் நிறுத்தாது. முட்டை அட்டை ஒட்டியவர்கள் ஒட்டியதற்கான காசை மறந்துவிட வேண்டியதுதான்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஓட்டை. நடுச்சுவரை ஓட்டின் அடிவரை செங்கல் வைத்து ஏற்றி, கைமரம் நுழையும் சந்துகளைச் சாந்தால் அடைக்க வேண்டும். முதுகோடு முதுகாக இருக்கும் ஸ்விட்ச் பெட்டிகளில் ஒன்றை இடம் மாற்ற வேண்டும். குடைந்த அலமாரியின் முதுகைச் செங்கல்லால் நிரப்ப வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். கிடைக்கிற பலன் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது. ஆனால் ஒன்று, பொதுச்சுவரின் மேல் கை வைக்க அடுத்த வீட்டாரின் சம்மதம் வேண்டும். சத்தத்தை நிறுத்த முதலில் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கட்டடவழிச் சத்தம். மிக்சியின் கீழ் கனத்த ரப்பர், மோட்டாரைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் ரப்பர் மெத்தை மேல் வைப்பது, கதவு நிலையில் ஒரு பட்டை ரப்பர். இதைச் செய்ய வேண்டியவர் கேட்கிறவர் அல்ல, எழுப்புகிறவர். ஆகவே இதற்கும் பேச்சுதான் வழி.

மூன்றாவது, இரண்டாம் சுவர். பழைய சுவரைத் தொடாமல் இரண்டு இஞ்ச் தள்ளி, தனிச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் பாறைக் கம்பளி நிரப்புவது. தொடக்கூடாது என்பதுதான் இதில் முழு சூட்சுமமும். ஒரு ஆணி இரண்டையும் இணைத்தாலும் அதன் வழியே சத்தம் நடந்து வந்துவிடும். சரியாகச் செய்தால் பத்து டெசிபலோ அதற்கு மேலோ கிடைக்கும். அறையில் அரை அடி போய்விடும். பத்தடி அறையில் குடும்பமே படுக்கிறவர்களுக்கு அரை அடி என்பது ஒரு பிள்ளை படுக்கிற இடம்.

இந்த இடத்தில் அமைதி ஒரு சொத்தாகிறது. 1853இல் தாமஸ் கார்லைல் லண்டன் செல்சியில் தன் வீட்டு மொட்டைமாடியில் இரட்டைச் சுவர் வைத்து ஒரு எழுத்தறை கட்டினார், அண்டை வீட்டுச் சேவலும் பியானோவும் கேட்காமலிருக்க. கட்டி முடித்ததும் அதுவரை கேட்காத தூரத்துச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. கோழி வளர்த்தவர்களிடம் போய்ப் பேசிச் சரிக்கட்டும் வேலை மனைவி ஜேன் தலையில் விழுந்தது. 1910இல் மார்செல் புரூஸ்த் பாரிஸில் தன் படுக்கையறைக்கு தக்கைப் பலகை அடித்தார். எழுதுகிறவனுக்கு அமைதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. யாருடைய செலவில், யாருடைய உழைப்பில் என்பதே கேள்வி.

5

தமிழ் அகக் கவிதையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. துறைக் குறிப்புகளில் அடிக்கடி வருவது, சிறைப்புறம். தலைவன் வீட்டின் வேலிப்புறத்தில் வந்து நிற்கிறான். தோழி உள்ளே தலைவியிடம் பேசுகிறாள். பேச்சு தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. ஊர் அலர் தூற்றுகிறது, காவல் கடுமையாகிவிட்டது, இனி வரைவுதான் வழி என்று அவள் சொல்வதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற காதுக்காகச் சொல்லப்படுவது. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இப்படிப்பட்ட துறைகள் ஏராளம்.

இதைப் பாடத்தில் ‘நயம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நின்று யோசித்தால், தமிழின் மிக அந்தரங்கமான கவிதை ஒரு கசியும் சுவரை நம்பி எழுதப்பட்டது என்று புரியும். சுவர் முழுக்க அடைபட்டிருந்தால் தோழிக்கு வேலையில்லை. அகம் என்பது அடைக்கப்பட்ட உள்ளறை என்ற நம் எண்ணமே பிற்காலத்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியம் அம்பல், அலர் என்று இரண்டு சொல்லைத் தருகிறது. முணுமுணுப்பாக இருப்பது அம்பல், ஊர் முழுக்கப் பரவியது அலர். இரண்டுமே காதின் வழியாக நடக்கிற சமூகக் காரியங்கள். அயல்வீடு இல்லாமல் அகம் இல்லை.

தோழி செத்துப்போகவில்லை. நம் தெருக்களில் சாடை பேசுவது என்ற கலை இருக்கிறதே, அது சிறைப்புறத்தின் பேத்தி. அடுத்த வீட்டுக்காரியைத் திட்ட வேண்டும் என்றால் அவள் பெயரை எடுக்கவே மாட்டார்கள். ஆட்டைத் திட்டுவார்கள், கோழியைத் திட்டுவார்கள், சொந்தப் பிள்ளையைத் திட்டுவார்கள். “ஏ மூதி, அடுத்தவ வாசல்ல போயி மேயாதன்னு எத்தன தரம் சொல்லியிருக்கேன்!” ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். புரிய வேண்டியவளுக்குப் புரியும். சண்டையாக வெடிக்காமல் வருத்தத்தைக் கொண்டுசேர்க்க இது ஒரு வழி. மருமகள் மாமியாருக்குச் சொல்ல முடியாததைச் சுவருக்குச் சொல்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தையோ மதினியோ அதை எடுத்துக்கொண்டு மறுநாள் பேச்சுவாக்கில் மாமியாரிடம் எடுத்துச் சொல்கிறாள். சுவருக்கும் காதுண்டு என்பது பயமுறுத்தலாக மட்டுமல்ல, சமயத்தில் ஆறுதலாகவும் இருந்திருக்கிறது.

குற்றாலக் குறவஞ்சியிலும் இதன் வேறொரு வடிவத்தைப் பார்க்கலாம். வசந்தவல்லி மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பதை மலையிலிருந்து இறங்கிவந்த குறத்தி குறியாகச் சொல்கிறாள். உள்வீட்டுப் பெண்ணின் ரகசியம் தெருவில் நடந்துவந்தவளின் குரலில் வெளியாகிறது. மேலகரத்துக் கவிராயர் கட்டமைத்த அந்த நாடகத்தில் வீட்டு மௌனத்தை உடைப்பது வெளியாள்.

6

இதை ஏதோ இழந்த சொர்க்கம் போல நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்தப் பொதுச்சுவர் யாருக்குப் பொது? அக்கிரகாரத்தில் சுவர் பொது என்றால் இரண்டு பக்கமும் ஒரே சாதி. மற்றத் தெருக்களிலும் பெரும்பாலும் பங்காளிகள், சொக்காரர்கள். சொந்தக்காரன் சத்தம் சத்தமாகப் படாது, அது குரல். சாதி கலந்து சுவரைப் பங்குபோட நேராதபடி ஊர் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வயல். திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து எழும் சத்தம், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் குறையும். நம் ஊரின் மிகப் பழைய ஒலித்தடுப்பு செங்கல்லால் ஆனதல்ல, தூரத்தால் ஆனது.

தூரம் போதாத இடத்தில் சுவர் வந்தது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஒரு சுற்றுச்சுவர் தலித் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே தலித் இயக்கங்கள் சொல்லின. அந்தச் சுவர்கள் எந்தப் பத்திரத்திலும் ‘பொது’ அல்ல. ஒரு பக்கத்தின் முடிவு மறுபக்கத்தின் மேல் கட்டப்பட்டது.

மேரி டக்ளஸ் 1966இல் அழுக்கைப் பற்றி ஒன்று சொன்னார்: அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கிற பொருள். அதையே சத்தத்துக்கும் சொல்லலாம். சத்தம் என்பது இருக்கக்கூடாத இடத்தில் கேட்கிற ஒலி. இருக்கக்கூடாத இடம் எது என்று யார் வரையறுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது அரசியல். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற வீட்டில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அந்தச் சத்தம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதே தெருவில் தறி இல்லாதவருக்கு அது தொல்லை. தறிக்காரருக்கு அது கூலி. தன் காதையே அவர் கூலிக்குக் கொடுத்திருக்கிறார் என்பது இன்னொரு கதை.

2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த சென்னை வழக்கு ஒன்று. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு பெந்தகொஸ்தே ஜெபக்கூடத்தின் டிரம்மும் கிட்டாரும் ஒலிபெருக்கியும் தொல்லை என்று குடியிருப்போர் நலச்சங்கம் வழக்குப் போட்டது. மற்றவர் அமைதியைக் குலைத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். அது எல்லா மதத்துக்கும் பொருந்த வேண்டிய நல்ல விதி. ஆனால் அந்த வழக்கிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு, அங்கே கேட்ட சத்தத்தில் வாகனங்களின் பங்கும் இருக்கிறது என்று காட்டியிருந்தது. லாரிச் சத்தம் வழக்காகவில்லை, டிரம் வழக்காயிற்று. எது வழக்காகிறது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

வீடு வாடகைக்கு விடும்போதும் இதேதான். “உங்க ஆட்கள் கொஞ்சம் சத்தமாப் பேசுவீங்க” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலேயே இருப்பார்கள். வெளிப்படையாகச் சாதி கேட்கக் கூசுகிறவனுக்கு டெசிபல் ஒரு கௌரவமான சொல்.

7

இப்போது மிகக் கடினமான இடம். அந்தரங்கம் வேண்டாமா? வேண்டும். புதுசாகக் கல்யாணமானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற வீடுகள் நமக்குத் தெரியும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு தலைமறைவாக இருக்கிறவர்களுக்கு அடுத்த வீட்டுக் காது உயிருக்கு உலை வைக்கும். அலர் தூற்றுவது அழகிய துறை மட்டுமல்ல, ஆணவக் கொலைக்கு முகவரி சொல்கிற காரியமும்தான். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னது. பத்தடி அறைக்கு அந்த உரிமை வர வேண்டுமானால் அது ஓரளவு செங்கல்லாகவும் சாந்தாகவும்தான் வர முடியும்.

ஆனால் அந்தரங்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுதான் புருஷன் அடிக்கிறான். “எங்க வீட்டு விவகாரம்” என்பது அவனுடைய ஒலித்தடுப்புச் சுவர். இதைப் பெண்ணியவாதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவு, வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. ‘எவரும்’ என்ற அந்தச் சொல்லில் அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார். அவருக்கு நம்பக் காரணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சுவர் வழியாகத்தான். 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு ‘பெல் பஜாவ்’ என்றொரு இயக்கம் தொடங்கியது. அடுத்த வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய் அழைப்புமணியை அடி என்பதுதான் செய்தி. கொஞ்சம் பால் இருக்கிறதா, மணி என்ன என்று எதையாவது கேள். நீ கேட்டுவிட்டாய் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும்.

தோழி சிறைப்புறத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கட்டும் என்று பேசினாள். அடிபடுகிறவள் யாருக்காவது கேட்கட்டும் என்று கத்துகிறாள். இரண்டாம் சுவர் முழுசாக எழும்பிவிட்டால் சாட்சி இல்லாமல் போகிறது.

8

இந்த முரணுக்குத் தத்துவத்தில் விடை தேடிக் களைத்துப்போவதைவிட, மூன்றாம் பகுதியில் போட்ட கணக்குக்குத் திரும்பிப் போகலாம் என்று தோன்றுகிறது.

ஓட்டையெல்லாம் அடைத்த ஒம்பது இஞ்ச் சுவர் 50 டெசிபல் தடுக்கும். பேச்சு 60. மறுபக்கம் 10, கேட்காது. கொஞ்சல் கேட்காது, முனகல் கேட்காது, ராத்திரி புருஷன் பெண்டாட்டி கடன் கணக்குப் பார்ப்பது கேட்காது. அலறல் 90. மறுபக்கம் 40, ராத்திரி அமைதியில் தெளிவாகக் கேட்கும். அதாவது நம் கொத்தனார்கள் எப்போதும் கட்டுகிற சாதாரணச் சுவரை ஒழுங்காக மூடிவிட்டால் அது பேச்சை நிறுத்தும், கூப்பாட்டை விடும். அந்தரங்கமும் மிஞ்சும், சாட்சியும் மிஞ்சும். மிக்சியும் மோட்டாரும் சுவரை விட்டு இறங்கி ரப்பரில் நின்றால் தொல்லையின் பெரும்பகுதி தீர்ந்தது. அதற்கு மேல் அரை அடியைத் தின்று எழுப்புகிற இரண்டாம் சுவர் யாருக்கு வேண்டியிருக்கிறது, எந்தச் சத்தத்துக்காக வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். தறிப்பட்டறையின் அடுத்த வீடு, நோயாளி படுத்திருக்கிற வீடு, சரி. ‘அந்த ஆட்கள் பேச்சு காதில் விழக்கூடாது’ என்பது காரணமானால் அது கட்டட வேலை அல்ல.

சுவர் விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 40 டெசிபலில் அலறல் வந்து சேர்ந்த பிறகும் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிற காது இருக்கிறது. “அவங்க வீட்டுக் காரியம், நமக்கெதுக்கு” என்று அது சொல்லும். அந்தக் காதுக்கு எந்த இஞ்ச் கணக்கும் உதவாது. அடுத்த வீட்டில் இருப்பவள் வேறு சாதி என்றால் அது இன்னும் மந்தமாகிறது. ஆட்டைத் திட்டினால்கூடப் புரிந்துகொள்கிற அதே காதுதான் இது.

தெருக்கூட்டங்களில், மாதர் அமைப்புகளின் வேலையில், வாசகர் வட்டங்களில் இதைப் பேசலாம். யார் வீட்டு நடுச்சுவர் ஓடு வரை ஏறவில்லை, யார் வீட்டு மோட்டார் பொதுச்சுவரில் தொங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அது எல்லோரும் பேசக்கூடிய பேச்சு. அதைப் பேசப் பழகியவர்கள் அடுத்த முறை சுவருக்கு அப்பாலிருந்து கூப்பாடு வந்தால் எழுந்துபோய்க் கதவைத் தட்டவும், 181க்கு அழைக்கவும் கூச்சப்படமாட்டார்கள்.